மார்க்கெட்டு வரைக்கும்தான்

குந்து பாப்பா. நின்னுகினே எவ்ளோ நேரம் எண்ணுவ? பஸ்ஸு ஆறே முக்காலுக்குத்தான் வரும். அது வரைக்கும் இங்க எண்றதுக்கு காக்காயும் நாயும்தான் கீது. இந்தாய்யா, கொஞ்சம் நவுந்துக்க, பாப்பா குந்தட்டும். இவரு எங்க வூட்டுக்காரு, ஏகாம்பரம். துண்டு போத்திகினு கீறாரேன்னு பயப்படாத, ஒட்டுற நோவு ஒண்ணும் இல்ல. அவருக்கு எப்பவும் குளிருது, அவ்ளோதான்.

உன் கையில பெரிய செல்போனு மாதிரி கீதே டேப்பு, அது பஸ்ஸு கணக்குதான? எத்தினி பேரு ஏறுறாங்க, எங்க எறங்குறாங்கன்னு கேட்டு கேட்டு அதுல போடுவ. அது அப்பிடியே பெரிய ஆபீசுக்கு போவும். அத்த பாத்துதான் பஸ்ஸ நீட்டுறதா வெட்டுறதான்னு முடிவு பண்ணுவாங்க. எனக்கு எல்லாம் தெரியும். நான் டிப்போவுல போயி நாலு தடவ அழுததுக்கு அப்பாலதான் உன்ன அனுப்பிச்சிகீறாங்க. இன்னிக்கு நீ வருவன்னு எனக்கு முன்னமே தெரியும்.

அதனால நேரா சொல்லிடுறேன், சுத்தி வளைக்கல. இந்த பஸ்ஸு மறுபடியும் பெரியாஸ்பத்திரி வரைக்கும் போவலன்னா இந்த மனுஷன் செத்துடுவாரு. அவரு காதுல வுழட்டும், அவருக்கே தெரியும். ரெண்டு கிட்னியும் போச்சு. செவ்வா ஒரு நாளு, வெள்ளி ஒரு நாளு மெஷினுல ரத்தத்த சுத்தம் பண்ணணும். எங்களுக்கு ஒம்போது மணி ஷிப்டு. பத்து நிமிஷம் லேட்டா போனா அடுத்த ஆளு படுத்துக்குவான். நர்ஸம்மாவ குத்தம் சொல்ல முடியாது. அங்க எங்கள மாதிரி எத்தினி பேரு வராண்டாவுல குந்திகினு கீறாங்க தெரியுமா.

கொஞ்சம் பொறு, மூச்சு வாங்குது. இருக்குறத எல்லாம் உன்னாண்ட கொட்டிடணும். நீ படிச்ச பொண்ணு, புரிஞ்சிக்குவ.

எங்க ஜனங்களுக்கு எழுதுற ஆளுன்னாலே ஆவாது. உன்ன சொல்லல. நாங்க மொதல்ல ஆத்தோரம் குடிசையில இருந்தோம். பெரியாஸ்பத்திரிக்கு நடந்தே போயிடலாம், அவ்ளோ கிட்ட. இவரு மீன்பாடி வண்டியில மீன் ஏத்தி ஓட்டிகினு இருந்தாரு. நான் கல்யாண மண்டபத்துல பாத்திரம் தேய்ச்சிகினு இருந்தேன். ஒரு நாளு ரெண்டு பேரு நோட்டு எடுத்துகினு வந்தாங்க. வூட்ல எத்தினி பேரு, அடுப்பு எத்தினி, கரண்டு யார் பேர்லன்னு சிரிச்சி சிரிச்சி கேட்டாங்க. நான்தான் ஸ்டூலு போட்டு குந்த வச்சி டீ போட்டு குடுத்தேன். போவ சொல்ல கதவுல சாக்பீஸால ஒரு நம்பர போட்டுட்டு போனாங்க. நாலாவது மாசம் அந்த கதவாண்ட இடிக்குறதுக்கு பொக்லைன் வந்து நின்னுச்சு. அதுல இருந்து எவனாச்சும் நோட்டோட வந்தான்னு வையி, எங்க பொம்பளைங்க சொல்ற ஒரே பதிலு, எனக்கு ஒண்ணும் தெரியாதுபா. வூட்ல ஆம்பள இல்லபா.

அப்பால இங்க கொண்டாந்து எட்டு மாடி பில்டிங்குல வூடு குடுத்தாங்க. வூட்ட குத்தம் சொல்ல மாட்டேன். மழைக்கு ஒழுவல, உள்ளுக்குள்ளயே கக்கூசு கீது. ஆனா வூடு இங்க, வேலை அங்க. நடுவுல இருந்தது ஒரே ஒரு பஸ்ஸு. நூத்தி எழுபத்தி மூணு. இதே ஸ்டாப்புல ஏறி குந்துனா போதும், ஒண்ணே முக்கால் மணி நேரம், தூங்கிகினே போவலாம், நேரா பெரியாஸ்பத்திரி கேட்டாண்ட எறக்கி வுடும். மாற வேணாம், ஏறி எறங்க வேணாம். இவரு மெஷினுல படுத்து ஏந்திரிச்சி வர சொல்ல துணி மாதிரி தொவண்டு வருவாரு. அந்த கண்டக்டருங்களுக்கு எங்கள நல்லா தெரியும். பேசண்டு வராரு, ஏந்திரிங்கன்னு அவங்களே அதட்டி சீட்டு வாங்கி குடுப்பாங்க. ஆறு வருசம் அந்த பஸ்ஸு எங்கள தாங்குச்சு.

இப்ப அதே நம்பர்தான் வருது. முன்னாடி செவப்புல ஒரு வார்த்த சேத்துகீறாங்க, கட்டு, பாதியில வெட்டுன பஸ்ஸுன்னு. நூத்தி எழுபத்தி மூணு கட்டு. அஞ்சாவது ஸ்டாப்பு மார்க்கெட்டு. அங்க போயி வாலு அறுந்த மாதிரி நின்னுடுது. எல்லாரும் எறங்குங்கன்றான்.

ஏன் கட்டு பண்ணாங்கன்னு கேளு. அங்கதான் கீது விஷயம்.

போன தை மாசம் ஒரு பையனும் ஒரு பொண்ணும் வந்தாங்க, உன்ன மாதிரியே, கையில டேப்பு. ஒரு திங்கக்கெயம, ஒரு செவ்வாக்கெயம, ரெண்டு நாளு. இந்த ஸ்டாப்புலதான் நின்னாங்க. அக்கா, இந்த பஸ்ல எங்க போறீங்க, வாரத்துல எத்தினி நாளு போறீங்க. இதான் கேள்வி. பொம்பளைங்களுக்கு பஸ்ஸுல ஃப்ரீ இல்லையா, கண்டக்டரு குடுக்குற சீட்டுல எங்க ஏறுனோம் எங்க எறங்குனோம்னு இருக்காதாம். அத்தொட்டுதான் ஆளு வச்சி நேர்லயே கேட்டாங்களாம். அது இப்ப டிப்போ ஆபீசரு சொல்லித்தான் எனக்கு தெரியும். அன்னிக்கு எனக்கு எப்பிடி தெரியும்?

அன்னிக்கு எனக்கு திக்குனு ஆயிடுச்சு. எங்க போற, எத்தினி நாளு போற. இத்த எதுக்கு கேப்பான்? டெய்லி பழைய எடத்துக்கே போறவளுக்கு இங்க வூடு எதுக்குன்னு கேக்கத்தான? வூட்ட உள்வாடகைக்கு வுட்டுட்டு அங்கயே படுத்துக்குறாளான்னு பாக்கத்தான? அப்பால ஒரு நாளு வந்து பூட்ட மாத்திட்டு போயிடுவான். இப்பிடித்தான் எல்லாரும் பேசிகினாங்க.

யார் மொதல்ல சொன்னாங்கன்னா? லிப்டு வராம நின்னுகினு இருந்தோம், அங்க பேச்சு வந்துச்சு. அஞ்சாவது பிளாக்கு கோட்டீஸ்வரி இருந்தா, எஸ்தரு இருந்தா, நான் இருந்தேன், இன்னும் நாலு பேரு இருந்தாங்க. கூட்டத்துல யார் வாயில மொதல்ல வந்துச்சுன்னு யாரு கண்டா. சரி, நான்தான் சொன்னேன்னே வச்சிக்க. நல்லதுக்குத்தான சொன்னேன்.

நீ ஏன் அப்பிடி பாக்குற? நான் ஒண்ணும் வூட்ட வாடகைக்கு வுடல. அதாவது, வந்த புதுசுல ஒரு எட்டு மாசம் வுட்டேன். ஒரு கொத்தனாரு குடும்பம் இருந்துச்சு. மண்டபத்து வேலை முடிய லேட்டாவும், பஸ்ஸு இருக்காது, அத்தொட்டு என் தங்கச்சி வூட்லயே படுத்துகினோம். அது தப்பா? அது முடிஞ்சி போன கதை, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எதுக்கு சொல்றேன்னா, நான் எனக்காவ பயந்தேன்னு நெனச்சிடாத. அந்த ஜனத்துக்காவத்தான் பயந்தேன்.

நான்தான் எல்லாருக்கும் சொல்லி குடுத்தேன். ஆளுக்கு ஒண்ணு ஒளறுனா மாட்டிக்குவோம், எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுங்கடின்னேன். எங்க போறீங்க? மார்க்கெட்டு வரைக்கும்தான். எதுக்கு? காய் வாங்க. அவ்ளோதான். எட்டு பிளாக்கு பொம்பளைங்களும் பசங்க ரைம்ஸு சொல்ற மாதிரி சொன்னாங்க. மார்க்கெட்டு வரைக்கும்தான், மார்க்கெட்டு வரைக்கும்தான். அந்த பையன் கூட சிரிச்சான், இன்னாக்கா டெய்லி இவ்ளோ காய் துன்றீங்களான்னு. நான் சொன்னேன், எங்க வூட்ல கவுச்சி ஆவாது தம்பின்னு. மீன் வண்டி ஓட்டுனவரு பொண்டாட்டி சொல்றேன் பாரு.

கேளு, இன்னும் கூத்து கீது. அந்த ரெண்டு புள்ளைங்களும் உஷாரு. எங்க கூடயே பஸ்ஸுல ஏறிட்டாங்க, சொன்ன எடத்துல எறங்குறாங்களான்னு பாக்க. நாப்பது பொம்பளைங்க. இன்னா பண்றது? மார்க்கெட்டு வந்துச்சு. நான் கண்ணு காட்டுனேன், அத்தினி பேரும் எறங்கிட்டோம். எறங்கி வெங்காய மூட்டைக்கு பின்னாடி, வாழ எல கடைக்கு பின்னாடின்னு போயி நின்னுகினோம். அந்த பஸ்ஸு போற வரைக்கும் கத்திரிக்காய தூக்கி தூக்கி பாத்துகினு இருந்தோம். அப்பால அடுத்த பஸ்ஸு புடிச்சி போனோம். நெரிசல்ல புழிஞ்சி எடுத்துட்டான், ஆனா எல்லாரும் சிரிச்சிகினே போனோம். நான் பெரிய கில்லாடின்னு கோட்டீஸ்வரி என் கன்னத்த கிள்ளுனா. எனக்கும் அன்னிக்கு தல கால் புரியல, பொய் சொல்ல மாட்டேன்.

ரெண்டாவது நாளு செவ்வா. அன்னிக்கு இவரையும் இட்டுகினு போனேன். அப்ப நடப்பாரு, கைய புடிச்சா போதும். மார்க்கெட்டுல ஏந்திரின்னேன். ஆஸ்பத்திரி இங்க இல்லயே சுலோன்னாரு. வாய மூடிகினு எறங்குன்னேன். எறக்கி ஒரு வெங்காய மூட்டை மேல குந்த வச்சேன். ஆஸ்பத்திரிக்கு போறது தப்பாடின்னு கேட்டாரு. அந்த நேரத்துல எனக்கு எரிச்சலுதான் வந்துச்சு.

எஸ்தரு மட்டும்தான் கேக்கல. எங்க பக்கத்து வூடு, அஞ்சாவது மாடியில செவுத்துக்கு செவுரு. புருசன் இல்ல, ரெண்டு பொட்ட புள்ளைங்க. பெரியாஸ்பத்திரிக்கு பின்னாடி நாலு வூட்ல சமையல் பண்ணிகினு இருந்தா. அந்த பொண்ணு கேட்டதுக்கு பளிச்சுனு சொல்லிட்டா, நான் பெரியாஸ்பத்திரி ஸ்டாப்புக்கு போறேன், வாரத்துல ஆறு நாளுன்னு. நான் உள்ள பூந்து, தப்பா எடுத்துக்காத கண்ணு, அது கொஞ்சம் புத்தி சரியில்லாததுன்னேன். எல்லாரும் தலைய தலைய ஆட்டுனாங்க. மார்க்கெட்டு வந்துச்சு. அவ மட்டும் ஜன்னலோரம் அசையாம குந்திகினு கீறா. நான் அவ பைய புடிச்சி இழுத்து எறக்கிட்டேன். டிபன் பாக்ஸு வுழுந்து சோறெல்லாம் படியில கொட்டிச்சு.

எறங்கி நின்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ஏங்க்கா, நான் வேலைக்கு போறேன்னு சொல்றதுல உனக்கு இன்னா நோவுது? நான் அவள வாய்க்கு வந்தபடி பேசுனேன். காட்டி குடுக்குற ஜென்மம்னேன். உன்னால எட்டு பிளாக்கும் தெருவுல நிக்கப் போவுதுன்னேன். கூட்டம் பூரா என் பக்கம். அவ சோத்த மட்டும் பொறுக்கி ஓரமா நாய்க்கு வச்சிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நின்னா.

பங்குனியில கட்டு பண்ணிட்டாங்க. ஒரு நாளு காலையில ஏறி குந்துனோம், மார்க்கெட்டுல எல்லாரும் எறங்குங்கன்னான். ஏன்யான்னு கேட்டா, இதான் கடைசி ஸ்டாப்பு, இனிமே இங்கதான்னான். பொம்பளைங்க எல்லாம் என்ன பாத்தாங்க. நான் இன்னா பண்ணுவேன்? நான் கண்டக்டரு கிட்ட சண்டை போட்டேன். அவரு பாவம், எனக்கு தெரியாதும்மா, மேலருந்து வந்துச்சுன்னாரு.

அதுல இருந்து எங்க பொழப்பு நாறி போச்சு. மார்க்கெட்டுல எறங்கி, அந்த அகல ரோட்ட தாண்டி, வேற எங்கயோ இருந்து வர்ற பஸ்ஸ புடிக்கணும். அது வர சொல்லயே படியில தொங்கிகினு வரும். ரோட்ட தாண்ட மேம்பாலம் மாதிரி ஒண்ணு கட்டிகீறாங்க, அறுவத்தெட்டு படி. இவரு இருவதாவது படியில குந்திடுவாரு. கீழ தாண்டலாம்னா லாரிக்காரன் நிறுத்த மாட்டான். மெட்ரோவுல போவலாமேங்குற. அது மார்க்கெட்டுல இருந்து இன்னும் எம்மா தூரம். ஆட்டோவுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ எங்க போவேன். மொத மாசம் எஸ்தரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் புடிச்சி இவர ஏத்துனோம். ஆமா, எஸ்தருதான். என்னாண்ட பேச மாட்டா, ஆனா இவரு படியில நின்னா வந்து கைய குடுப்பா. அவ டெய்லி லேட்டு. சமையலுக்கு ஒம்போதர மணிக்கு போனா யாரு வச்சிப்பான்? ஒண்ணு ஒண்ணா நாலு வூடும் போச்சு.

வைகாசியில வூட்ட பூட்டிகினு போயிட்டா. அங்கயே தகரம் போட்ட ஒரு ரூமு, புள்ளைங்கள இட்டுகினு. இப்ப எங்க மாடியில மட்டும் நாலு வூடு பூட்டி கெடக்குது. எத்த சொல்லி நான் பயமுறுத்துனேனோ அத்தயே இப்ப ஜனம் செய்யுது, பஸ்ஸு இல்லாததால. நான் சொன்னதாலன்னு சொல்ல வரல. பஸ்ஸு இல்லாததால.

டிப்போவுக்கு போனேன்னு சொன்னேன் இல்ல? மூணு தடவ உள்ளயே வுடல. நாலாவது தடவ ஒரு ஆபீசரு குந்த சொன்னாரு. நல்ல மனுஷன், தண்ணி குடுத்தாரு. கம்ப்யூட்டர திருப்பி காட்டுனாரு. எங்க ரோடு, எங்க ஸ்டாப்பு, எல்லாம் கோடா வரைஞ்சி கீது. மார்க்கெட்டு மேல மட்டும் பெரிசா ஒரு ரோஸ் கலரு வட்டம். பாருங்கம்மா, உங்க ஏரியாவுல நூத்துக்கு தொண்ணூத்தொம்போது பேரு மார்க்கெட்டுலயே எறங்கிடுறாங்க, மிச்ச தூரத்துக்கு காலி பஸ்ஸயா ஓட்டுறதுன்னு கேட்டாரு. யார் சார் அப்பிடி சொன்னதுன்னு கேட்டேன். நீங்கதாம்மான்னாரு. அவரு பொதுவா சொன்னாரு, எங்க ஏரியா ஜனங்கன்ற அர்த்தத்துல. எனக்கு மட்டும் என்னையே சொன்ன மாதிரி இருந்துச்சு.

மார்க்கெட்ட தாண்டி, பெரியாஸ்பத்திரி மேல, ஒரு சின்ன புள்ளி இருந்துச்சு பாப்பா. கடுகு அளவு. அது எஸ்தரு. ரெண்டு நாள்ல நாங்க இத்தினி பேரு போயிகீறோம், எங்களுக்கு அங்க ஒரு புள்ளி இல்ல. அவளுக்கு மட்டும்தான் கீது. நான் புத்தி சரியில்லன்னு சொன்னனே, அவளுக்கு.

ஆபீசரு கிட்ட உண்மைய சொன்னியான்னு கேக்காத. சொல்லல. வாய் வரைக்கும் வந்துச்சு. வூடு ஞாபகம் வந்துச்சு, முழுங்கிட்டேன். கணக்கு தப்பு சார், திரும்ப எடுங்கன்னு மட்டும் கால்ல வுழாத கொறையா கேட்டேன். பாக்கலாம்மான்னாரு. நேத்து போன் வந்துச்சு, வெள்ளிக்கெயம ஆளு வருதுன்னு.

போன வாரம் ரெண்டு தடவயும் ஷிப்ட வுட்டுட்டோம். செவ்வா அந்த பாலத்துல மயங்கிட்டாரு. வெள்ளி பஸ்ஸே ஏற முடியல, ஆறு பஸ்ஸ வுட்டோம். சனிக்கெயம காலு ரெண்டும் வீங்கி, மூச்சு வுட முடியாம, படுக்க முடியாம, செவுத்துல சாஞ்சி குந்திகினே இருந்தாரு. எதிர் வூட்டு பையன் வண்டியில தூக்கி வச்சி கட்டிகினு போயி காப்பாத்துனோம். டாக்டரு என்ன தனியா கூப்ட்டு, இன்னொரு தடவ இப்பிடி வுட்டா அடுத்து இட்டுகினு வர வேண்டியது இருக்காதும்மான்னாரு. இவரு கேக்குறாரு, இன்னா சொன்னாருன்னு. காய் நெறய துன்ன சொன்னாருன்னேன்.

நேத்து சாயங்காலம் எட்டு பிளாக்கும் ஏறி எறங்குனேன். லிப்டு இல்ல, படியிலதான். கதவு கதவா தட்டி, நாளைக்கு எழுதுற பொண்ணு வருது, வாங்கடி, வந்து உண்மைய சொல்லுங்கடின்னு கெஞ்சுனேன். கோட்டீஸ்வரி கதவ பாதி தொறந்துகினு நின்னா. நீதானக்கா சொன்ன, எங்க போறன்னு கேட்டா சொல்லக் கூடாதுன்னு? இப்ப சொல்லுன்ற. உன் புருசன காப்பாத்திக்க எங்கள மாட்டி வுட பாக்குறியான்னு கேட்டா. நான் அன்னிக்கு சொன்னது தப்புடின்னேன். அப்ப தப்புன்னா இப்ப மட்டும் எப்பிடி சரின்னு கதவ சாத்திட்டா. எல்லா வூட்லயும் அதே பேச்சுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு சும்மாவா சொன்னாங்க. ஆனா இந்த ஜனத்த அரள வச்சவ நான்தான். சொல்லிட்டேன் பாரு. இப்பதான் மொத தடவ வெளிய சொல்றேன்.

அங்க பாரு, பின் கேட்டாண்ட ஷேர் ஆட்டோ நிக்குது. ஏழு பேரு அடைஞ்சிகினு கீறாங்க. தலைக்கு முக்காடு போட்டுகினு ஓரமா குந்திகினு கீறாளே, அவதான் கோட்டீஸ்வரி. உன் கையில டேப்ப பாத்துட்டு அந்த பக்கமா போயிட்டாங்க. அவங்க எல்லாம் இந்த பஸ்ஸுக்கு வர்றவங்கதான். அந்த ஆட்டோவும் மார்க்கெட்டு வரைக்கும்தான் போவும்.

அதனால கேக்குறேன் பாப்பா. உன் கால புடிக்கிறேன். நாப்பது பேருன்னு போட்டுக்க. நாப்பது பேரும் பெரியாஸ்பத்திரிக்குன்னு போடு. அது பொய் இல்ல. அன்னிக்கு நாங்க சொன்னதுதான் பொய்யி, இதான் நெசம். போட முடியாதா? ஒவ்வொரு ஆளா நேர்ல கேட்டாத்தான் ஏறுமா? எத்தினி மணிக்கு போட்டன்னு அதுவே காட்டிடுமா? சரி வுடு. உன் வேலைக்கு நான் வேட்டு வைக்கல. நீயும் யார் பெத்த பொண்ணோ, இந்த வேலைக்கு எம்மா தூரத்துல இருந்து வந்தியோ.

அப்ப எங்க ரெண்டு பேரையாவது ஒழுங்கா போடு. நான் மனச கல்லாக்கிகினுதான் வந்துகீறேன். வூடு போனா போவட்டும், இந்த ஆளு இருந்தா ஆத்தோரமே போயி குந்திக்கிறேன். எழுதிக்க. பேரு சுலோச்சனா, புருசன் பேரு ஏகாம்பரம், ஏழாவது பிளாக்கு, அஞ்சாவது மாடி, டோர் நம்பரு... இன்னா? வேணாமா?

பேரு வேணாமா?

டோர் நம்பரும் கேக்காதா? எங்க, காட்டு. எனக்கு படிக்க வராது, நீயே வெரல வச்சி வச்சி சொல்லு. ஏறுற எடம். எறங்குற எடம். வாரத்துல எத்தினி நாளு. ஆம்பளையா பொம்பளையா. அவ்ளோதானா? வேற ஒண்ணுமே இல்லையா? போன தையிலயும் இதே கேள்விதானா?

இரு, யோசிச்சி பாக்குறேன். அந்த பையன் எங்க யார் பேரையும் கேக்கலம்மா. அக்கா அக்கான்னுதான் கூப்ட்டுகினு இருந்தான். கேக்கவே இல்ல. நாப்பது பொம்பளைங்கள வெங்காய மூட்டைக்கு பின்னாடி ஒளிய வச்சனே, ஒருத்தி பேரு கூட அதுல போட எடமே இல்லயா. எஸ்தரு சோத்த கொட்டுனனே. நீ சிரிக்காதய்யா, உனக்கு மூச்சு வாங்கும். பாரு, இவரு சிரிக்கிறாரு. நாலு மாசமா சிரிக்காத மனுஷன். நான் இன்னா பாவி பாப்பா, யாருமே கேக்காத கேள்விக்கு பொய் சொல்லிகீறேன்.

சரி. அழுது இன்னா ஆவப் போவுது. நீ கேளு, நான் சொல்றேன். ஏறுற எடம் இந்த ஸ்டாப்புதான். பொம்பள ஒண்ணு, ஆம்பள ஒண்ணு. வாரத்துல ரெண்டு நாளு. எறங்குற எடம் பெரியாஸ்பத்திரி. சத்தமாவே சொல்றேன், எல்லாருக்கும் கேக்கட்டும், பெரியாஸ்பத்திரி. போட்டியா?

இன்னா தேடுற? மேல தள்ளி பாரு. கீழ கீதா பாரு. பேரு தெரியலன்னா பெரியாஸ்பத்திரின்னாலே எல்லாருக்கும் தெரியும். இல்லையா? எப்பிடி இல்லாம போவும்? இந்த பஸ்ஸு எங்கெங்க நிக்குதோ அந்த ஸ்டாப்பு பேரு மட்டும்தான் அதுல வருமா? நீயா அடிச்சி சேக்க முடியாதா? அப்ப கடைசியா இன்னா பேரு கீது?

மார்க்கெட்டா.

தை மாசத்து டேப்புல பெரியாஸ்பத்திரி இருந்துச்சு. எஸ்தரு சொன்னா, அந்த பொண்ணு ஒரே தட்டுல போட்டுட்டா, என் கண்ணால பாத்தேன். அப்ப அதுல இருந்துச்சு, நாங்க வாயத் தொறக்கல. வேணாம் பாப்பா, வெரல எடு. அத்த அமுக்காத. அத்த அமுக்குனா நாங்களும் மார்க்கெட்டுக்குத்தான் போறோம்னு ஆயிடும். அந்த ரோஸ் வட்டம் இன்னும் பெரிசாயிடும். இந்த தடவ நான் பொய் சொல்லல, நீ பாத்த இல்ல, நான் சொல்லல.

அமுக்கலன்னா இன்னா ஆவும்? இந்த ஸ்டாப்புல ஆளே ஏறலன்னு போவுமா? அப்ப இந்த அரை பஸ்ஸயும் நிறுத்திடுவானா?

தோ வருது. கட்டுதான், செவப்பா தெரியுது. இந்தாய்யா, ஏந்திரி. மெதுவா. பாப்பா, அந்த டேப்ப கக்கத்துல இடுக்கிகினு அந்த பக்கம் ஒரு கைய குடு. அங்கதான் எஸ்தரு புடிப்பா. இடுப்புல புடி, கையில புடிக்காத, மெஷினு மாட்டுறதுக்கு அந்த கையில நரம்பு ஆபரேஷன் பண்ணிகீது. டிரைவரே, கொஞ்சம் நில்லுப்பா, பேசண்டு ஏறுறாரு. தூக்கு. இன்னொரு படி. அவ்ளோதான், குந்திட்டாரு.

நீ எறங்கு பாப்பா, நீ இங்கயே நின்னு எண்ணணும். இன்னாடி டேப்புல வெளிச்சம் வருது? தூக்க சொல்ல கை பட்டுச்சா? நீயே போட்டியா? இன்னா வுழுந்துச்சு? கெளம்பாத டிரைவரே, ஒரு நிமிஷம். பாப்பா, இன்னா அமுக்கின? கேக்கல, ஜன்னலாண்ட வந்து சொல்லு.